இரத்தக் கொதிப்பு மருந்தும் குழாயின் உட்சவ்வும்

கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி வெள்ளாமை செய்கிற கொங்கு நாட்டுக் குடியானவருக்கு மோட்டாரைப் பற்றியும் குழாயைப் பற்றியும் பிறர் போதிக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆகையால் இரத்தக் கொதிப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, இருதயத்தை மோட்டாராகவும் தமனிகளைத் தோட்டத்துக் குழாயாகவும் வைத்து விளக்கிவிடுவது கோயமுத்தூர்ப் பக்கத்து வைத்தியர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அழுத்தம் மிஞ்சினால் குழாய் வெடிக்கும், அடைப்பு விழுந்தால் மோட்டார் புகையும் என்பதெல்லாம் கேட்டமாத்திரத்தில் மனத்தில் பதிகிற சங்கதிகள். ஆனால் அந்த உவமை பாதி வழி வரைதான் துணைக்கு வரும். மண்ணுக்குள் பதித்த பி.வி.சி. குழாய்க்குத் தன்னுள் ஓடும் நீரின் வேகமும் தெரியாது, அளவும் தெரியாது; நம் சரீரத்திலுள்ள இரத்தக் குழாயோ தன்னுள் பாயும் இரத்தத்தின் உரசலைக் க்ஷணந்தோறும் உணர்ந்து, அதற்குத் தக்கபடி விரிந்தும் சுருங்கியும், இரத்தம் உறையாமல் காத்தும், வேண்டியதை வெளியே விட்டும், வேண்டாததை உள்ளேயே நிறுத்தியும் உயிருள்ள ஓர் அவயவமாகக் காரியம் செய்துகொண்டிருக்கிறது. அந்தக் காரியங்களைச் செய்வது குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய சவ்வு. இரத்தக் கொதிப்புக்குத் தருகிற மாத்திரை அந்தச் சவ்வை எவ்விதம் காக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். சூலூர்ப் பக்கத்திலோ அவிநாசிப் பக்கத்திலோ ஏதேனும் ஒரு கிராமத்துத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் விடை கிடைத்துவிடும். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற பெண், அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “போன மாசம் குடுத்த மாத்திரை அப்படியே இருக்குதுங்களே அப்பாரு?” என்று கேட்பாள். “நீதானே அம்மணி போனவாட்டி பாத்துப்போட்டு நார்மலா இருக்குதுன்னு சொன்னே? நார்மலாப் போனதுக்கப்புறம் மாத்திரை எதுக்குக் கண்ணு?” என்று பெரியவர் திருப்பிக் கேட்பார். தர்க்கம் என்று பார்த்தால் பெரியவர் பேச்சில் குற்றமில்லை. குழாய் வெறும் குழாயாகவே இருந்தால், அழுத்தம் இறங்கியதும் காரியம் முடிந்துவிட்டது என்பது நியாயந்தான். தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் வயதுவந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்ததும், அவர்களுள் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் என்பதும், இந்த நியாயம் எத்தனை வீடுகளில் செலாவணியாகிறது என்பதை ஒருவாறு காட்டும்.

அந்தச் சவ்வுக்கு எண்டோதீலியம் என்று பெயர். பெருந்தமனியிலிருந்து மயிரினும் மெல்லிய தந்துகி வரையில் இரத்தம் ஓடும் இடமெங்கும் ஒரே ஓர் அடுக்காகப் பரவியிருக்கும் உயிரணுக்களின் விரிப்பு அது. தந்துகிகளில் குழாய் என்று சொல்லத்தக்கதே பெரும்பாலும் அந்த ஓர் அடுக்குத்தான். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை இருதயம் துடிக்கும்போதெல்லாம் அந்த அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுவே. ஆயினும் மிக அண்மைக் காலம் வரையில், சரீர சாஸ்திரிகள் கூட அதைச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பைப் போல எண்ணி அலட்சியம் செய்துவந்தார்கள்.

அந்த அலட்சியம் நீங்கிய கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் புரூக்ளினில் இராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் பேராசிரியர், முயலின் பெருந்தமனியைத் துண்டுகளாக வெட்டித் தொங்கவிட்டு, எந்த ரசாயனம் அதைச் சுருக்குகிறது, எது விரிக்கிறது என்று நெடுங்காலம் பரிசோதித்துவந்தார். அசிடைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள பிராணிக்குள் செலுத்தினால் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். அதே பொருளை அவருடைய மேஜைமீதிருந்த தமனித் துண்டின்மேல் விட்டால், அது விரியாமல் சுருங்கும். இந்த முரண்பாட்டுக்கு வெகுநாள் காரணம் அகப்படவில்லை. 1978-இல் பரிசோதனைச் சாலை உதவியாளர் வரிசையைச் சற்று மாற்றிச் செய்ததில் ஒரு துண்டு எதிர்பாராத விதமாக விரியவே, ஃபர்ச்காட் அதைப் பிழையென்று தள்ளாமல் துருவிப் பார்த்தார். துண்டுகளை வெட்டி எடுத்துத் தயார் செய்கையில் அவற்றின் உட்பக்கம் எங்கேனும் உரசி, உட்சவ்வு முழுதும் தேய்ந்துபோயிருந்தது என்பது அப்போதுதான் புலப்பட்டது. சவ்வு பழுதுபடாத துண்டு விரிந்தது. சவ்வு இழந்த துண்டு சுருங்கியது. பிறகு அவர் சவ்வு உள்ள துண்டையும் இல்லாத துண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிவைத்து அசிடைல்கோலினை விட்டபோது, சவ்வு இல்லாததும் விரிந்தது. ஆகவே சவ்விலிருந்து ஏதோ ஒரு பொருள் புறப்பட்டுச் சென்று பக்கத்திலுள்ள தசையைத் தளர்த்துகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. 1980-இல் அவர் வெளியிட்ட அந்த உண்மைக்கும், அப்பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவே என்று பின்னர் தெளிந்ததற்குமாக, ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இரத்தம் சவ்வை உரசிக்கொண்டு சீராக ஓடும்போது அந்த உரசலே தூண்டுகோலாகி, சவ்விலுள்ள அணுக்கள் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவை உண்டாக்குகின்றன. சில விநாடிகளே நிலைத்திருக்கும் அது தசையைத் தளர்த்துவதோடு நில்லாமல், இரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாதபடியும், வெள்ளணுக்கள் நுழைந்து வீக்கம் மூட்டாதபடியும் தடுக்கிறது. பல ஆண்டுகள் அழுத்தம் மிகுந்தே இருந்தால் நேர்வது இதன் தலைகீழ் நிலை. சவ்வணுக்களில் பிராணவாயுவின் தீவிர வடிவங்கள் பெருகி, நைட்ரிக் ஆக்ஸைடு பிறந்த கணமே அதை அழித்துவிடுகின்றன. குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் முதலிய பொருள்களின் கை ஓங்குகிறது. சுவர் தடித்து, உள்வழி குறுகி, கெட்ட கொழுப்பு அதனுள் புகுந்து தங்க இடம் ஏற்படுகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் இதே கேடு நேரும்போது ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். கண்ணின் விழித்திரையில் நேர்வதைக் கண் வைத்தியர் நேரிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார். நோயாளிக்கோ இவற்றுள் ஒன்றும் வலிக்காது.

இந்தக் கேட்டில் பெரும்பங்கு ஆஞ்சியோடென்சின் என்ற சுரப்புக்கு உரியது. அழுத்தமும் உப்பும் குறைந்துபோகும் ஆபத்துக் காலத்தில் குழாய்களைச் சுருக்கி உயிரைக் காப்பதற்காக அமைந்த இது, ஆபத்தில்லாத காலத்திலும் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும்போது மேற்சொன்ன தீவிரப் பிராணவாயுவைச் சவ்வில் மூட்டிவிடுகிறது. அதைத் தடுக்கும் மருந்துக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம். செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் நாட்டு விஞ்ஞானி 1960-களில் அந்த விஷத்தின் சாரத்தை இலண்டனில் ஜான் வேன் என்பவருடைய பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுசென்றார். ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் நொதியை அது முடக்குவது தெரியவந்தது. அந்தக் குறிப்பை வைத்து அமெரிக்காவின் ஸ்குவிப் கம்பெனியில் குஷ்மன், ஒன்டெட்டி என்ற இருவர் கேப்டோப்ரிலை நிர்மாணித்தார்கள். அது 1981-இல் விற்பனைக்கு அநுமதி பெற்றது. எனலாப்ரில், ராமிப்ரில் முதலான ‘ப்ரில்’ மாத்திரைகள் அதன் வழிவந்தவை.

ப்ரில் மாத்திரைகளுக்கு இரட்டை வேலை உண்டு. அவை முடக்குகிற அந்த நொதி, பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளைச் சிதைப்பதும் தன் தொழிலாகக் கொண்டது. நொதி முடங்கினால் பிராடிகைனின் மிஞ்சும். பிராடிகைனின் சவ்வைத் தூண்டி நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கவைக்கும். ஒரு பக்கம் கெடுதியை நிறுத்தி, மறுபக்கம் நன்மையை வளர்ப்பது என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதே பிராடிகைனின்தான் சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமலையும் கொடுக்கிறது. இருமலுக்குக் கஷாயம் போட்டுக் குடித்துப் பார்ப்பதைவிட, மருத்துவரிடம் சொன்னால் அவர் லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் முதலிய ‘சார்ட்டான்’ வகைக்கு மாற்றிவிடுவார். சார்ட்டான்கள் ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுப்பதில்லை. அது போய் அமரவேண்டிய இடத்தில் தாம் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன.

மனிதரிடத்தில் இதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்பவர்களுக்கு, கனடாவின் மாண்ட்ரீல் நகரில் எர்னெஸ்டோ ஷிஃப்ரின் என்ற மருத்துவர் 1990-களில் செய்த பரிசோதனையைக் காட்டுவது போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் புட்டத்துக் கொழுப்பிலிருந்து அவர்கள் சம்மதத்தோடு மிகச் சிறிய தமனிகளை வெட்டி எடுத்து அளந்த பிறகு, சிலருக்கு சிலாசாப்ரில் என்ற ப்ரில் மாத்திரையும் சிலருக்கு அட்டெனலால் என்ற பீட்டா தடுப்பு மாத்திரையும் கொடுத்துவந்தார். இரு சாராருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இறங்கியது. மறுபடியும் தமனிகளை எடுத்துப் பார்த்தபோதோ, சிலாசாப்ரில் உண்டவர்களின் குழாய்ச் சுவர் தடிப்பு நீங்கி இயல்பை நெருங்கியிருந்தது. அசிடைல்கோலினுக்கு விரியும் சக்தியும் திரும்பியிருந்தது. அட்டெனலால் உண்டவர்களின் தமனிகளில் மாறுதல் இல்லை. கருவி காட்டிய எண் இருவருக்கும் ஒன்றே; குழாய்க்குள் இருந்த நிலைமை வேறு. நோயாளிகளின் தமனியையே வெட்டி எடுத்து நேரில் பார்த்துச் சொன்ன இந்தச் சாட்சிக்கு நிகராக இத்துறையில் வேறொன்றை நான் காணவில்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, ப்ரில் வகையும் சார்ட்டான் வகையுமே மருந்து, மற்றவை வீண் என்ற முடிவுக்குத் தாவிவிடுதல் ஆகாது. கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்து கனடாவில் பணியாற்றிய சலீம் யூசுஃப் தலைமையில் 9,297 பேரிடம் நடந்த ஹோப் ஆராய்ச்சி 2000-இல் வெளியாயிற்று. ராமிப்ரில் உண்டவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் இவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தவர்கள் நூற்றுக்கு 14.0, உண்ணாதவர்களில் 17.8. அழுத்தம் சிறிதே இறங்கியும் இவ்வளவு பலன் என்றால் அது உட்சவ்வைக் காத்ததன் பலனே என்று பலர் கொண்டாடினார்கள். ஆனால் 2002-இல் வெளியான ஆல்ஹாட் என்ற பெரிய பரிசோதனையில், சிறுநீரைப் பெருக்கும் பழைய, மலிவான குளோர்தாலிடோன் மாத்திரை, முக்கிய இருதய நோய்களைத் தடுப்பதில் அம்லோடிபின் என்ற மாத்திரைக்கும் லிசினோப்ரில் என்ற ப்ரில் மாத்திரைக்கும் சற்றும் இளைத்ததல்ல என்று கண்டார்கள். என் அபிப்பிராயம் இதுதான்: அழுத்தத்தை இறக்குவதே சவ்வுக்குச் செய்கிற முதற்பெரும் உபகாரம், எந்த மாத்திரையால் இறங்கினாலும் அது லாபம், மேல்அழுத்தம் 5 புள்ளி இறங்கினாலே பெரிய இருதய நோய்கள் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல்லாயிரம் பேரைத் தொகுத்துப் பார்த்த கணக்கு. ப்ரிலும் சார்ட்டானும் சவ்வுக்குத் தனியாகச் செய்கிற நன்மை அதற்கு மேல் வருகிற வட்டி. சர்க்கரை வியாதியும் சிறுநீரில் ஆல்புமின் கசிவும் உள்ளவர்களுக்கு அந்த வட்டி மிகப் பெரிது. அவர்களுக்கு மருத்துவர்கள் இவ்வகையையே முதலில் தேர்ந்துகொள்வது அதனால்தான். அம்லோடிபினோ, குழாய்த் தசைக்குள் கால்சியம் புகுவதைத் தடுத்துத் தசையைத் தளர்த்திச் சவ்வின் பாரத்தைக் குறைக்கிறது. அட்டெனலால் உண்டுவருபவர் மேலே சொன்னதைப் படித்துவிட்டு அதைத் தாமாக நிறுத்துவது மகா விபரீதம். பீட்டா தடுப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியே வரக்கூடும்.

இனி அன்றாடக் காரியத்துக்கு வருவோம். இம்மருந்துகள் சவ்வில் நிலையான குணத்தை ஒருமுறை ஏற்றிவைத்து விலகிவிடுபவை அல்ல. இரத்தத்தில் மருந்து இருக்கும் வரைதான் நொதி முடங்கியிருக்கும். மருந்து தீர்ந்ததும் ஆஞ்சியோடென்சின் பழையபடி தலையெடுக்கும். திண்ணைப் பெரியவருக்குச் சொல்லவேண்டிய விடை இவ்வளவே: நார்மல் என்று கருவி காட்டியது மாத்திரை உண்ட நிலையில் உள்ள நார்மல். எந்த வேளையில் உண்பது என்பதைப் பற்றி வீண் கவலை வேண்டாம். காலையில் உண்டவர்களுக்கும் இரவில் உண்டவர்களுக்கும் பலனில் பேதமில்லை என்று பிரிட்டனில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த பரிசோதனை 2022-இல் கூறிவிட்டது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் கடிகாரத்தை நம்பாமல், எந்த ஷிஃப்ட்டிலும் தவறாத ஒரு காரியத்தோடு, உதாரணமாக எழுந்தவுடன் பல் துலக்குவதோடு, மாத்திரையை இணைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மருந்துகள் எழுதிக்கொடுத்தால் வியாதி முற்றிவிட்டதென்று மிரளவேண்டியதும் இல்லை. வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டைச் சிறு அளவில் சேர்ப்பது, ஒன்றையே பெரிய அளவில் கொடுப்பதைவிடச் சிறந்தது என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்தியாவிலேயே பல ஊர் ஆஸ்பத்திரிகளில் நடந்த டாப்ஸ்பின் பரிசோதனையில், இரண்டிரண்டாகச் சேர்த்த மூன்று விதமான ஒற்றை மாத்திரைகளும் ஒத்த பலனையே தந்தன.

வீட்டில் கருவி வைத்திருப்போர் மேல்கையில் பட்டை சுற்றும் கருவியையே வாங்கவேண்டும். காப்பியோ பீடியோ குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும்; முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, 5 நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு முறை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் 135/85-க்கு மேல் அடிக்கடி காட்டினால் அந்தக் குறிப்பு நோட்டோடு மருத்துவரைப் பார்க்கலாம். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் இவற்றுள் ஒன்று சேர்ந்தால் நோட்டை வைத்துவிட்டு 108-ஐ அழைக்கவேண்டும்.

முதல் சில வாரங்களில் படுக்கையிலிருந்து சடக்கென்று எழுந்தால் கிறுகிறுக்கலாம். அம்லோடிபினால் கணுக்காலில் வீக்கம் காணலாம். இரண்டும் சொல்லித் தீர்த்துக்கொள்ளக் கூடியவை. ப்ரில் மாத்திரை உண்டபின் உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அந்த மாத்திரையை ஆயுளில் மறுபடி தொடலாகாது. ப்ரிலோ சார்ட்டானோ தொடங்கிய ஓரிரு வாரத்தில் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்வது வீண் செலவன்று. கருவுற்ற பெண்களும் கருவை எதிர்பார்க்கும் பெண்களும் இவ்விரு வகைகளையும் உண்ணக் கூடாது, ஏனெனில் சிசுவின் சிறுநீரகத்துக்கு அவை தீங்கு செய்யும்.

உப்பு விஷயத்தில் நம் சீமைக்காரர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பு தேவை. அரிசிம்பருப்புச் சாதத்தில் கேடு இல்லை; அதற்குத் துணையாக வரிசை கட்டுகிற அப்பளமும் மோர்மிளகாயும் ஊறுகாயுந்தான் கணக்கைக் கெடுப்பவை. அதற்கு மேல் சாயங்காலம் பேக்கரியில் நின்று உண்ணும் பப்ஸ். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. உப்பு மிகுந்தால், அழுத்தம் ஏறாதவர்களுக்குக் கூடச் சவ்வின் விரியும் சக்தி மங்குகிறது என்பதால், மாத்திரை போட்டுக்கொள்கிறோமே என்று உப்பைத் தாராளமாக்குவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதாகும்.

பொள்ளாச்சி இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டாசியம் நிறைந்த அது, சிறுநீரகம் நன்றாக உள்ள இரத்தக் கொதிப்புக்காரருக்கு நல்லதே. ஆனால் ப்ரிலும் சார்ட்டானும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கும் இயல்புடையவை. ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரைக்கு அந்த இயல்பு இன்னும் அதிகம். சிறுநீரகம் பழுதடைந்தவர் இவற்றை உண்டுகொண்டு தினமும் இரண்டு மூன்று இளநீர் குடித்தால், இருதயத் துடிப்பே தாறுமாறாகும் அளவுக்குப் பொட்டாசியம் ஏறிவிடக்கூடும். கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் அதில் சோடியத்துக்குப் பதில் கலந்திருப்பது பொட்டாசியமே.

இதைக்காட்டிலும் ஜாக்கிரதை வேண்டியது வலி மாத்திரையில். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து உடுமலை வழியாகவும் தாராபுரம் வழியாகவும் பழனிக்கு நடந்து போகிறவர்களில் இரத்தக் கொதிப்பு மருந்து உண்பவர்கள் ஏராளம். பாதம் கொப்பளித்து முழங்கால் வலிக்கையில், வழியிலுள்ள மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே நடப்பது சகஜம். வெயிலில் வியர்த்து உடம்பு வற்றிய நிலையில், சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் ப்ரில் அல்லது சார்ட்டானும் உள்ளே இருக்க, இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால், மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து ஓரிரு நாளில் அதை ஸ்தம்பிக்கச் செய்துவிடலாம், அழுத்தமும் ஏறும். ஆகவே யாத்திரை புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு, வாந்தியோ பேதியோ வந்து தண்ணீர் தங்காத நாளில் எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, மருந்துச் சீட்டோடு மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். போய்வரும் நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகளோடு மூன்று நாளைக்கு உபரியும் இருக்கட்டும். திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைப்பது முருகன் செயல்.